முதல் கரி கிரில் வாங்கும்போது மூடியைப் பாருங்கள்

கிரில் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள்: எவ்வளவு பெரியது, சக்கரம் இருக்கிறதா, கூட என்னென்ன இலவசமாகத் தருகிறார்கள். சமையலுக்கு இந்த மூன்றாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. கேஸ் அடுப்பில் குமிழைத் திருப்பினால் தீ குறையும். கரிக்குக் குமிழ் கிடையாது. காற்று கூடினால் கங்கு கனன்று எழும், குறைந்தால் அடங்கும், அறவே நின்றால் அணையும். ஆகவே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது, காற்றைத் திறக்கவும் அடைக்கவும் ஒரு வசதி. அது ஒழுங்காக இருந்தால் சின்ன கிரில்லிலும் நன்றாகச் சமைக்கலாம். அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய கிரில்லிலும் கோழி வெளியே கரிந்து உள்ளே ரத்தமாகத்தான் இருக்கும்.

பாட்டி காலத்துக் குமுட்டி அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதன் அடியில் சின்னதாக ஒரு வாய் இருக்கும். அந்த வாயில் விசிறியால் வீசினால் கங்கு சிவக்கும், சாம்பல் அடைத்துக்கொண்டால் மந்தமாகிவிடும். கிரில்லும் அதே அடுப்புதான், மூடி ஒன்றுதான் கூடுதல். இன்று பரவலாகப் பார்க்கும் உருண்டை மூடி வந்தது 1952இல். சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபனுக்குத் தன் வீட்டுத் திறந்த கிரில்லோடு பெரும்பாடு. காற்றடித்தால் சாம்பல் பறந்து இறைச்சியில் விழும், தீ ஒரு நிலையில் நிற்காது. பட்டறையில் ஏரி மிதவைகளுக்காகச் செய்த உலோகக் கோளத்தில் பாதியை அடுப்பாகவும், பாதியை மூடியாகவும் வைத்துப் பார்த்தார். இன்று உலகம் முழுக்க விற்கும் உருண்டை ‘கெட்டில்’ கிரில் அதிலிருந்து வந்ததுதான்.

இடம் முதலில், கிரில் அப்புறம்

எங்கே வைத்துச் சமைக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். வீட்டுக்குள் கரி கிரில் கூடவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலும் கூடாது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றும்போதுதான் ஏதோ சரியில்லை என்று தெரியும், அப்போது எழுந்து வெளியே போக முடியாமலும் ஆகலாம். கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியும் வீட்டுக்குள் என்றே கணக்கு. சமையல் முடிந்ததும் மழைக்குப் பயந்து கிரில்லை உள்ளே இழுத்து வைப்பதிலும் இதே ஆபத்து உண்டு, ஏனென்றால் சாம்பலுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

தனி வீடென்றால் கொல்லையோ முற்றமோ போதும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மொட்டை மாடிதான் கதி. அசோசியேஷனில் முதலிலேயே கேட்டுவிடுங்கள், வாங்கி வைத்துவிட்டுச் சண்டை போடுவதைவிட அது மேல். மாடியில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, கேபிள் ஒயர், ஓலைக் கூரை ஆகிய எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி ஓர் இடம் வேண்டும். ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் மூடியில்லாத கிரில்லை மாடியில் பற்றவைப்பது பக்கத்து வீட்டுப் புடவையைப் பற்றவைப்பதற்குச் சமம். பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும்.

மாடிவரை லிஃப்ட் போகாது என்றால் எடையையும் யோசியுங்கள். 57 செ.மீ. கெட்டில் ஏறக்குறைய 15 கிலோ, ஒருவரே தூக்கிவிடலாம். முட்டை வடிவப் பீங்கான் கிரில்லான கமாடோவில் பெரிய அளவு 70 கிலோவைத் தாண்டும்.

நம் மசாலாவுக்கு இரண்டு பக்கம் வேண்டும்

வெளிநாட்டு வழிகாட்டிகள் ஸ்டேக்கை வைத்து எழுதப்பட்டவை. உப்பும் மிளகும் மட்டும் போட்ட இறைச்சியை நேர் கங்கின் மேல் சில நிமிடம் வாட்டினால் அவர்கள் வேலை முடிந்தது. நம் சமாசாரம் வேறு. லெக் பீஸில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், இஞ்சி பூண்டு விழுது, தயிர் எல்லாம் பூசி ஊறவைக்கிறோம். அதைக் கொழுந்துவிடும் கங்கின் மேல் வைத்தால் ஐந்து நிமிடத்தில் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும், எலும்பை ஒட்டிய சதையோ பச்சையாக இருக்கும். ஓட்டல் தந்தூரி போல வரவில்லையே என்று மசாலாவை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். கோளாறு மசாலாவில் இல்லை, கரியைப் பரப்பிய விதத்தில்.

கரியை ஒரு பக்கமாக ஒதுக்கிக் குவித்து, மறு பக்கத்தைக் காலியாக விட வேண்டும். இறைச்சி காலிப் பக்கத்தில் இருக்கும். மூடியைப் போட்டால் சூடான காற்று உள்ளேயே சுற்றி வந்து எல்லாப் பக்கமும் சமமாக வேகவைக்கும். வெந்த பிறகு கடைசி இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கங்கின் மேல் நகர்த்திச் சிவக்க வைக்கலாம். இதற்கு இரண்டு விஷயம் கட்டாயம்: ஒன்று மூடி, இன்னொன்று கம்பியில் பாதி இடம் காலியாகவே இருந்தாலும் மீதியில் உங்கள் வீட்டுக்கு வேண்டியது அடங்கும் அளவு.

அளவை அங்கிருந்துதான் கணக்கிட வேண்டும். 37 செ.மீ. விட்டமுள்ள சின்ன கெட்டில் இரண்டு பேருக்குச் சரி, ஆனால் அதில் இரண்டு பக்கம் பிரிப்பது இடுக்கமான வேலை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 47 செ.மீ. தாராளம். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா, அத்தை குடும்பமெல்லாம் வந்து சேரும் வீடென்றால் 57 செ.மீ. அதற்கு மேல் முதல் கிரில்லுக்கு வேண்டாம். பெரிய அடுப்பு ஒவ்வொரு முறையும் அதிகக் கரி தின்னும், அதனாலேயே மூன்று மாதத்தில் மாடிப்படிக்கு அடியில் போய்விடும்.

எந்த வகை

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், மடித்து எடுத்துப் போகும் தகரப் பெட்டி கிரில்லை விட்டுவிடுங்கள். மூடி இருக்காது, இருந்தாலும் பொருந்தாது. கரிக்கும் கம்பிக்கும் நடுவே நாலு விரல் இடம்கூட இருக்காது. சோளக்கதிர், பனீர் டிக்கா, இறால் போல சீக்கிரம் வேகிறவற்றை வாட்ட மட்டும் அது உதவும். கபாப் கடைகளில் உள்ள நீண்ட தொட்டி அடுப்பும் அந்த வேலைக்கு உயர்ந்ததுதான். கம்பியில் குத்திய சின்னத் துண்டுகளை ஆள் பக்கத்திலேயே நின்று திருப்பிக்கொண்டே இருப்பார். வீட்டில் அப்படி நிற்க ஆள் இருந்தால் சரி.

200 லிட்டர் டிரம்மை நெடுக்காகப் பிளந்து கீல் போட்டுச் செய்யும் கிரில்லை ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்து வாங்கலாம். இடம் அதிகம், மூடியும் உண்டு. ஆனால் டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். ரசாயனமோ பெயின்ட்டோ இருந்த டிரம் வேண்டாம். உள்ளே பூச்சு இருந்தால் முழுக்க எரித்துச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, கம்பியோ தகடோ ஜி.ஐ. ஆக இருக்கக் கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு கடும் சூட்டில் நச்சுப் புகை விடும். பட்டறைக்காரர் “துருப் பிடிக்காது சார்” என்று அதைத்தான் முதலில் சிபாரிசு செய்வார்.

கமாடோ அருமையான அடுப்பு. தடித்த சுவர், கரிச் செலவு கம்மி, சூடு மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். விலை கைக்கடங்காது, தவிர ஒருமுறை அளவுக்கு மேல் சூடேறிவிட்டால் எளிதில் இறங்காது. பழகியவர்களுக்கு அதுவே வரம், புதியவர்களுக்குத் தலைவலி.

மிஞ்சுவது கெட்டில். முதல் கிரில்லாக என் ஓட்டு அதற்குத்தான். எந்தக் கம்பெனி என்பதைவிடக் கீழே சொல்லும் சோதனைகளில் அது தேறுகிறதா என்பதே முக்கியம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

செல்போனில் டார்ச்சைப் போட்டுக் கிரில்லுக்குள் வைத்து மூடியை மூடச் சொல்லுங்கள். எல்லாக் காற்றுத் துளைகளையும் அடைத்துவிட்டு, சுற்றிக் குனிந்து பாருங்கள். விளிம்பில் அங்கங்கே நூல் போல வெளிச்சம் தெரிந்தால் மன்னிக்கலாம். ஒரு பக்கம் முழுக்கப் பளிச்சென்று தெரிந்தால் மூடி வளைந்திருக்கிறது, அந்தப் பக்கம் காற்று போய்க்கொண்டே இருக்கும், கரியும் எரிந்துகொண்டே இருக்கும். கடைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

அடுத்து துளைகள். அடியில் ஒன்று, மூடியில் ஒன்று, ஆக இரண்டும் வேண்டும். கீழே நுழையும் காற்று மேலே வெளியேறினால்தான் இழுவை இருக்கும். தகட்டை நகர்த்திப் பாருங்கள், விரலால் தள்ளினால் நகர வேண்டும், விட்ட இடத்தில் நிற்க வேண்டும். சில மலிவு மாடல்களில் மூடித் துளை வெறும் அலங்காரம், அடைக்கவே முடியாது. சமையல் முடிந்ததும் இரண்டையும் அடைத்தால் கங்கு மூச்சு முட்டி அணைந்து, மிச்சக் கரி அடுத்த முறைக்கு உதவும். அடைக்க முடியாத கிரில்லில் அத்தனையும் சாம்பல்தான்.

தகட்டின் தடிமன் பற்றிக் கேட்டால் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும். 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் சுமார் 0.7. மெல்லிய தகடு நாலைந்து முறை சூடேறியதும் நெளிந்துவிடும், டார்ச் சோதனையில் தேறிய மூடியும் அப்புறம் தேறாது. கட்டைவிரலால் மூடியின் நடுவில் அழுத்திப் பாருங்கள். டப்பென்று உள்ளே போய் வெளியே வந்தால் வைத்துவிட்டு நகருங்கள். வெறும் பெயின்ட் உரிந்துவிடும், எனாமல் பூச்சு பல வருடம் தாங்கும். ஆனால் கீழே போட்டால் எனாமல் தெறிக்கும், தெறித்த இடத்தில் துரு பிடிக்கும்.

கம்பி வலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். குரோம் பூசிய மெல்லிய கம்பியில் பூச்சு உரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. காந்தம் ஒட்டாவிட்டால் துருவை நன்றாகத் தாங்கும் 304 ரக ஸ்டீல் என்று கடையில் சாதிப்பார்கள், அதை முழுசாக நம்ப முடியாது, மலிவான 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்துவைத்து அழகாகக் கோடு போடும், ஆனால் தோசைக்கல் போல எண்ணெய் காட்டிப் பழக்கவேண்டும். சென்னை, தூத்துக்குடி, நாகை என்று உப்புக் காற்று அடிக்கும் ஊர்க்காரர்கள் அந்தப் பராமரிப்புக்குத் தயாரென்றால் மட்டும் வாங்குங்கள். கரி கிடக்கும் கீழ்க் கம்பிக்கும் உணவு கிடக்கும் மேல் கம்பிக்கும் நடுவே 10 முதல் 15 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். மேல் கம்பியின் ஓரம் மடக்கித் திறக்கும்படி இருந்தால் சமையலின் நடுவில் கரி போட வசதி.

கடைசியாகக் கால்களைப் பிடித்து ஆட்டுங்கள். உள்ளே நெருப்பு இருக்கும்போது ஆடும் அடுப்பு யாருக்கும் வேண்டாம், குழந்தைகள் ஓடும் மாடியில் சுத்தமாக வேண்டாம்.

மூடியில் பதித்த தெர்மாமீட்டருக்காக அதிக விலை கொடுக்காதீர்கள். அது காட்டுவது உச்சியில் உள்ள காற்றின் சூடு, கம்பி மட்டத்தில் கதை வேறு. அந்தக் காசில் இறைச்சியில் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கலாம். அதோடு நீண்ட இடுக்கி ஒன்று, கரியைப் பற்றவைக்கும் சிம்னி ஸ்டார்ட்டர் ஒன்று. மீன் சுடுவதென்றால் இரண்டு பக்கமும் மூடும் வலைக்கூடை. வேறெதுவும் இப்போதைக்குத் தேவையில்லை.

கரி

தமிழ்நாட்டில் சுலபமாகக் கிடைப்பது சீமைக்கருவேலக் கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கங்களில் மூட்டம் போட்டு எடுப்பது. விறகுக் கடையில் கேளுங்கள். இல்லையென்றால் இன்னும் கரிப்பெட்டியில் இஸ்திரி போடுகிற அண்ணனிடம் கேட்டால் எங்கே வாங்குகிறார் என்று சொல்வார். அமெரிக்காவில் மெஸ்கீட் என்று பெயர்போட்டுக் கூடுதல் விலைக்கு விற்கும் கரியும் இந்த இனத்து மரத்திலிருந்து வருவதுதான். சூடு நன்றாக இருக்கும், பற்றும்போது படபடவென்று பொறி பறக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். மூட்டையில் தூளும் துண்டும் கலந்திருக்கும். தூளைச் சலித்துவிட்டு, எலுமிச்சை அளவுக்குக் குறையாத துண்டுகளாக எடுங்கள். தூள் காற்று வழியை அடைத்துவிடும்.

தேங்காய்ச் சிரட்டைக் கரியை மாவு போட்டு அழுத்திச் செய்த கட்டிகளும் கிடைக்கின்றன. பற்ற நேரமெடுக்கும், ஆனால் சூடு ஒரே சீராக நின்று எரியும், புகை குறைவு. அரை மணிக்கு மேல் வேகும் கோழிக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மழைக்காலத்தில் எந்தக் கரியும் ஈரத்தை உறிஞ்சும், மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு வையுங்கள்.

முதல் நெருப்பு

வாங்கிய அன்றே சமைக்காதீர்கள். முதலில் காலியாக, மூடியைப் போட்டு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் நன்றாகச் சூடேற்றுங்கள். தொழிற்சாலை எண்ணெய், பிசின் வாசனையெல்லாம் போகட்டும்.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் உணவில் அந்த வாடைதான் இருக்கும், தீ குப்பென்று எழும் ஆபத்து வேறு. சிம்னி என்பது அடியில் துளையுள்ள உருளை. மேலே கரியை நிரப்பி, கீழே இரண்டு செய்தித்தாளைக் கசக்கிச் சமையல் எண்ணெய் சில சொட்டு விட்டுக் கொளுத்துங்கள். எண்ணெய் பட்ட தாள் நிதானமாக எரியும். 15 முதல் 20 நிமிடத்தில் மேல்கரியும் ஓரத்தில் நீறு பூத்திருக்கும். சிரட்டைக் கட்டி என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். கருப்பாகக் கரி தெரிந்தால் கொட்டாதீர்கள், அந்தப் புகையில் சமைத்தால் கசக்கும்.

ஒரு பக்கமாகக் கொட்டி, கம்பியை வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் காயவிடுங்கள். கம்பிக்கு மேல் 12 செ.மீ. உயரத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடியில் கையை இழுத்துக்கொண்டால் கடும் சூடு, ஐந்தாறு விநாடி தாங்கினால் நடுத்தரம். வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி முட்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுக் கம்பியைத் தேய்த்தால் சுத்தமும் ஆகும், ஒட்டவும் ஒட்டாது. இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதன் இழை உதிர்ந்து உணவோடு தொண்டைக்குள் போன சம்பவங்கள் உண்டு.

முதல் சமையலுக்கு லெக் பீஸ் நல்ல தேர்வு. நெஞ்சுக்கறி கொஞ்சம் அசந்தாலும் சக்கையாகிவிடும், கால் மன்னிக்கும். கடையில் தோல் உரிக்காமல் கேளுங்கள், உரித்துக் கொடுத்துவிட்டால் மசாலாவில் எண்ணெயைக் கூட்டுங்கள். காலிப் பக்கத்தில் அடுக்கி, மூடியின் துளை கோழிக்கு நேர்மேலே வரும்படி மூடுங்கள், அப்போதுதான் சூடும் புகையும் கோழியைத் தாண்டிப் போகும். மேல் துளையைப் பாதிக்குக் குறையாமல் திறந்து வைத்து, சூட்டைக் கீழ்த் துளையில் கூட்டிக் குறையுங்கள். துளையை அசைத்ததற்குப் பலன் தெரியப் பத்து நிமிடமாவது ஆகும், அதற்குள் மறுபடி அசைக்காதீர்கள். மூடியைத் திறந்து திறந்து பார்த்தாலும் காரியம் கெடும், ஒவ்வொரு தடவையும் காற்று உள்ளே போய்க் கரி கொதித்தெழும். 35 முதல் 45 நிமிடத்தில், எலும்பில் படாமல் தடித்த இடத்தில் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ் பாதுகாப்பான அளவு, கால் துண்டு 80ஐத் தாண்டினால்தான் எலும்பை விட்டுப் பிரியும். அப்புறம் கங்கின் மேல் நகர்த்திச் சிவக்க வையுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழுந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டாம், சாம்பல் பறந்து கோழியில் அப்பிக்கொள்ளும். துண்டைக் காலிப் பக்கம் தள்ளி மூடியை மூடினால் போதும்.

கோழி வேகும்போதே சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கங்கின் ஓரத்தில் செருகிவிடலாம். கோழியை எடுத்தபின் மிச்சக் கங்கில் முழுக் கத்தரிக்காயைப் போட்டுத் தோல் கருகி வெடிக்கும்வரை விட்டு எடுத்தால், கொத்சுக்கு கேஸில் சுட்டதைக் கிட்டவே சேர்க்க முடியாது. சைவர்களுக்கு கிரில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தக் கொத்சைக் கொடுங்கள்.

முடிந்ததும் இரண்டு துளையையும் அடைத்துவிடுங்கள். சாம்பலை மறுநாளைக்கு முன் தொடாதீர்கள், கை வைத்துச் சில்லென்று இருந்தாலும் தகர டப்பாவில்தான் அள்ளுங்கள், பிளாஸ்டிக் குப்பைக்கூடையில் வேண்டாம். மரக்கரிச் சாம்பல் ஒரு பிடி செடிக்குப் போடலாம். ஆனால் கிரில்லுக்குள்ளேயே விட்டு வைக்காதீர்கள். மழை ஈரம் பட்ட சாம்பல் தகட்டை அரிக்கும், கெட்டிலில் முதலில் ஓட்டை விழுவது அடித்துளையைச் சுற்றித்தான். உறை வாங்கினால் கிரில் முழுசாக ஆறின பிறகு போடுங்கள், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கழற்றி உள்ளே வியர்த்திருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து வையுங்கள்.